பதினோரு பேரும் ஒரு சீட்டும்

நாலு பேரை வேலை வாங்குகிற உத்தியோகம் என்பது, அந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒருத்தனே பயப்படுகிற உத்தியோகம்.

அந்தப் பாக்கியம் கிடைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஆபீசிலும் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு துரை இருப்பார், அவர் மேஜை மேல் ஒரு மணி இருக்கும். எங்கள் வில்பி துரை மணியை ஒரு தடவை தட்டினால் பியூனுக்கு, இரண்டு தடவை தட்டினால் எனக்கு. இன்றைக்கும் கோயிலில் யாராவது இரண்டு தடவை மணி அடித்தால் நான் சாமியைப் பார்ப்பதில்லை, கோட்டுப் பொத்தானைத்தான் போடுகிறேன்.

பேர் ரங்கநாதன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்கத்தாவுக்கு நான் வந்தது டைப் அடிக்க. கிளைவ் தெருவில் சணல் ஏற்றுமதி செய்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, அதிலே லெட்டர் டிபார்ட்மெண்ட். ஆறு வருஷம் யார் வம்புக்கும் போகாமல் மூலையில் உட்கார்ந்து டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் வங்காளிகள். என்னை 'ரொங்கநாத் பாபு' என்பார்கள், தமாஷ் பண்ணுவார்கள், வெற்றிலை கொடுப்பார்கள். அவர்களுக்கு மேலே நான் உட்காருகிறவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

நாற்காலியால் வந்த வினை

எங்கள் ஹெட் கிளார்க் வயதாகிவிட்டதென்று காசிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை மணி இரண்டு தடவை அடித்தது. அந்த நாளில் இரண்டு மணி என்றால் ஹெட் கிளார்க்குக்கு, அவரோ இல்லை. எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பியூன் வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். என்ன தப்புப் பண்ணினோம், எந்தக் கடிதத்தில் எந்த எழுத்தை விட்டோம் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

துரை தலை நிமிரவில்லை. "நாளை முதல் அந்த நாற்காலி உன்னுடையது," என்றார். நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டார். எனக்குக் கீழே பதினோரு பேர். பூஜை லீவு முடிந்ததும் என் பழைய மெஷினுக்குப் புது டைப்பிஸ்ட் ஒருவன் வருவான். அதுவரை முக்கியமான கடிதங்களை நானே தட்டிக்கொள்ள வேண்டும். அவனையும் சேர்த்தால் பன்னிரண்டு. லண்டன் தலைமை ஆபீசிலோ இனிமேல் பதினோரு பேருக்குத்தான் உத்தரவு. ஆகவே லீவு முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று, ஒரு சீட்டில் ஒரே ஒரு பேர் எழுதி அவர் மேஜையில் நான் வைக்க வேண்டும். அந்த ஆசாமி அன்றைக்கே வீட்டுக்குப் போவான். நான் எழுதாவிட்டால் அவர் எழுதுவார், அவர் எழுதினால் அது என் பேராக இருக்கும்.

"என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்களே, துரை" என்று எப்படியோ சொன்னேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"உனக்கு இந்த ஆபீசில் சித்தப்பாவும் இல்லை, மைத்துனனும் இல்லை. அதுதான் உன் யோக்கியதை."

துரைக் குரல்

என் சம்சாரம் செண்பகம் அன்றைக்கே அவள் அப்பாவுக்குக் கடுதாசி எழுதிவிட்டாள், மாப்பிள்ளை கல்கத்தாவில் பெரிய அதிகாரி ஆகிவிட்டார் என்று. சீட்டு விஷயத்தை எழுதவில்லை, அவளுக்கு நான் சொன்னால்தானே! "அதிகாரின்னா குரல் வேணுங்க. நீங்க பேசுறது அடுத்த வீட்டுப் பூனைக்குக்கூட கேக்காது," என்றாள். நியாயம்தான். பவானிப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடி உண்டு. அதன் முன்னால் நின்று ஒரு வாரம் துரை மாதிரிக் கத்திப் பழகினேன். கண்ணாடியில் தெரிந்தவன் பயந்தான். பரவாயில்லையே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் டிபார்ட்மெண்டில் ஒரே அரட்டை. நாற்காலியில் இருந்து எழுந்தேன், மேஜையைத் தட்டினேன், "சைலன்ஸ்!" என்று கத்தினேன். பாதி வார்த்தை வெளியே வந்தது, மீதி தொண்டையிலேயே தங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த ஹரிபத பாபு, அறுபது வயசு மனுஷர், அந்த டிபார்ட்மெண்டிலேயே மூத்தவர், தூக்கிவாரிப் போட்டு எழுந்ததில் மசிக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார். மசி அவர் வேட்டியில் ஓடியது. அவர் துடைக்கக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு கை நடுங்க நின்றார். அந்த நடுக்கம் எனக்கு ரொம்பப் பரிச்சயமான நடுக்கம். நிதாய் பாபு என்று ஒருத்தர், முப்பது வயசு, முறுக்கு மீசை, டிபார்ட்மெண்டின் வாய் அவர்தான். ஒரு தம்ளர் தண்ணீரை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"துரை மாதிரிக் கத்துவதென்றால் துரை மாதிரிச் சாப்பிட வேண்டும், ஸார். நீங்கள் மத்தியானம் வெறும் தயிர்சோறுதானே சாப்பிட்டீர்கள்?"

மெயில் நாள்

வியாழக்கிழமை சீமைக்கு மெயில் போகிற நாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பை கட்டி ஹௌரா ஸ்டேஷனுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த வியாழன்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு இரும்பு பிரஸ். மெல்லிசுக் காகிதத்தைத் தூரிகையால் ஈரம் பண்ணி, கடிதத்தின் மேல் வைத்து, சக்கரத்தைத் திருகி அழுத்தினால் மசி கொஞ்சம் அதிலே ஏறி நகல் விழும். ஈரம் குறைந்தால் நகல் விழாது, கூடினால் கடிதமே நாசம். அந்த வேலை இருபது வருஷமாக ஹரிபத பாபுவுடையது.

அவருடைய கை நடுங்குவதைப் பார்த்துவிட்டேன் அல்லவா? அதற்கப்புறம் எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. கடிதங்களை நானே வாசித்தேன், நானே டைப் அடித்தேன், நானே திருத்தினேன், அன்றைக்குத் தூரிகையையும் நானே வாங்கிக்கொண்டேன். பதினோரு பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றேகால் மணிக்கு பிரஸ்ஸைத் திறந்தால் ஆறு கடிதமும் ஊதா மசிக் குளம்! டண்டீ கம்பெனிக்குப் போகிற விலைக் கடிதத்தில் விலையைத் தவிர எல்லாம் இருந்தது. ஐயோ, என்று உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் துரை கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

"எல்லாரும் ஆளுக்கொன்று எழுதுங்களேன்," என்று கேட்டேன். கத்தவில்லை, கத்தத் தெம்பு ஏது? கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு பேர் பாய்ந்து வந்து ஆறு கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் எழுதினார்கள். ஹரிபத பாபு ஈரக் காகிதத்தைக் கன்னத்தில் ஒற்றி ஒற்றிப் பார்த்து ஆறு நகலையும் எடுத்தார். நடுங்குகிற கை தூரிகையைப் பிடித்ததும் நின்றுபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பை போனது. நிதாய் பாபு மீசையைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"கும்பெனி எங்களுக்கும் சம்பளம் கொடுக்கிறது, ஸார். அது வீண் போகிறதே என்று எங்களுக்கும் வருத்தமாக இருந்தது."

ஹில்சா

அதற்கப்புறம் ஒரு மாதிரி மரியாதை ஆரம்பித்தது. நான் உள்ளே வந்தால் எழுந்து நின்றார்கள். பேச்சு நின்றது. வெற்றிலை கொடுப்பது நின்றது. நிதாய் பாபுகூட நான் சொன்னதற்கெல்லாம் சிரித்தார். என் குரல்தான் கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறதாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். முட்டாள்தனத்துக்கு ஒரு அளவில்லை பாருங்கள்.

மழைக்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் ஹரிபத பாபு நிற்கிறார். பெஹாலாவிலிருந்து அந்தச் சேற்றில் நடந்தே வந்திருக்கிறார், முழங்கால்வரை சகதி. கையில் வாழையிலையில் சுற்றி ஒரு பெரிய ஹில்சா மீன், வால் வெளியே தெரிகிறது. நாங்கள் சைவம். மீன் வாசனை வந்தாலே செண்பகம் சாம்பிராணி போடுகிறவள். ஆனால் வங்காளத்தில் மழைக்காலத்து ஹில்சாவைவிட உசத்தியாக ஒரு மனுஷனுக்கு ஒன்று கொடுக்க முடியாது. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் உட்காரவில்லை. தை மாசம் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் என்றார். பிறகு, "சீட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்க வரவில்லை, ஸார்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவண்டை நிற்கிற பியூனுக்கு இங்கிலீஷ் புரியும்! அவன் வாய் வழியாக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பதினோரு பேரும் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள். துரையைப் பார்த்து நான் எப்படியோ, அப்படி. வாசல்படியில் ஹில்சாவோடு நின்ற எனக்கு வேர்த்துக்கொட்டியது. ஒருத்தன் என்னைப் பார்த்துப் பயப்படுவது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உள்ளே செண்பகம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, என்ன கண்றாவி இது, வெளியே கொண்டுபோங்க!" என்று கத்தினாள். குரல் என்றால் அதுதான் குரல். வீட்டுக்காரரின் சம்சாரம், நாங்கள் 'பௌதி' என்று கூப்பிடுகிற அண்ணி, கீழேயிருந்து ஓடி வந்து மீனைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டாள்.

"ஆபீசில் இவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் பயப்படட்டும், செம்பகா, இன்னும் பத்து மீன் வரும், உனக்கு ஏன் கோபம்?"

அஷ்டமி அன்று எழுதியது

பூஜை லீவு வந்துவிட்டது. அடுத்த தெருவில் ஜமீன் வீட்டில் துர்க்கைக்கு முரசு அடிக்கிறார்கள், ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு போகிறது, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு காகிதத்தில் பதினோரு பேரையும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் செண்பகத்திடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஹில்சாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததே.

நிதாய் பேரை அடிக்கலாமா? வாய் ஜாஸ்தி. ஆனால் அவர் இல்லாவிட்டால் மெயில் நாளில் பாதிக் கடிதம் கிளம்பாது. இன்னொருவருக்கு ஆஸ்துமா, இன்னொருவர் போன மாசம்தான் தகப்பனாருக்குக் கொள்ளிவைத்தார். ஒவ்வொரு பேரிலும் பேனாவை வைப்பேன், எடுப்பேன். கடைசியில் எல்லா மேலதிகாரிகளும் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். எதிர்த்துப் பேசாதவர் யார் என்று பார்த்தேன். வயசு அறுபது, மத்தியானம் தூக்கம், கை நடுக்கம். துரை கேட்டால் சொல்வதற்குக் காரணமெல்லாம் அழகாக வரிசையில் நின்றது. ஒரு துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் 'ஹரிபத' என்று எழுதி, மடித்து, கோட்டுப் பையில் போட்டேன். செண்பகம் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதித் தொலைச்சாச்சுல்ல? அப்ப இன்னும் ஏன் கை நடுங்குது?"

விஜயா

பூஜை முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்று வங்காளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விஜயா என்று சொல்லி, சமவயசுக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொள்வார்கள், சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள், தேங்காய் உருண்டை கொடுப்பார்கள். ஆறு வருஷமும் நான் மூலையில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் நடு நாற்காலியில் இருந்தேன். பையில் சீட்டு. இரண்டு மணி எப்போது அடிக்குமோ என்று காது கண்ணாடிக் கதவிலேயே இருந்தது.

ஒவ்வொருத்தராக வந்து கட்டிக்கொண்டார்கள். பட்டும் படாமல்தான், பையில் இருப்பது ஒட்டிக்கொள்ளுமோ என்கிற மாதிரி. கடைசியில் ஹரிபத பாபு வந்தார். அவர் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அறுபது வயசு மனுஷர், மெதுவாகக் குனிந்து என் காலை நோக்கிக் கையை நீட்டினார்! பெரியவர் ஒருத்தர் நம் காலில் விழுந்தால் நம் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். பதறிவிட்டேன். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள், எங்கள் ஊர் வழக்கப்படி, கோட்டும் தலைப்பாகையுமாக அவர் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டேன். தலைப்பாகை உருண்டு பிரஸ்ஸுக்கு அடியில் போனது. வங்காளத்தில் காலைத் தொடுவதோடு சரி, இப்படி நெடுஞ்சாண்கிடையாக ஒரு ஹெட் கிளார்க் விழுந்ததை அவர்கள் பார்த்ததேயில்லை. எனக்கு மயக்கம் என்று நினைத்து இரண்டு பேர் விசிறினார்கள்.

எழுந்து பார்த்தால் என் பை காலி. சீட்டு தரையில், ஹரிபத பாபுவின் பாதத்தை ஒட்டி, பாதி பிரிந்து கிடக்கிறது. என் உயிர் என்னிடம் இல்லை. அவர் குனிந்து எடுத்தார். மூக்குக்கண்ணாடி அவர் மேஜையில் இருந்தது. காகிதத்தை ஒரு கணம் பார்த்தார். காலில் பட்ட காகிதம் அல்லவா, அதை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மறுபடி ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"காகிதம் சரஸ்வதி, ஸார், காலடியில் விழக்கூடாது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்."

இரண்டு மணி

அப்போதுதான் மணி அடித்தது, இரண்டு தடவை. கண்ணாடிக் கதவு வழியாகத் துரை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

கதவுவரை ஏழெட்டு அடிதான் இருக்கும். அந்த ஏழெட்டு அடியில் சீட்டைப் பைக்குள்ளேயே கிழித்தேன். வேறொரு காகிதத்தில் நின்றபடியே எழுதினேன். நான் வீராதிவீரன் என்று நினைத்துவிடாதீர்கள், பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. துரை மேஜையில் வைத்ததும் அவர் வாசித்தார்: 'ரங்கநாதன், டைப்பிஸ்ட்.' "இது நான் எழுத வேண்டிய பேர் அல்லவா?" என்றார்.

ஒரே மூச்சில் சொன்னேன். புது டைப்பிஸ்ட் வேண்டாம், துரை. நாலு மாசமாக மெஷினை நான்தான் தட்டுகிறேன், இனியும் நானே தட்டுகிறேன். அவன் வராவிட்டால் பதினொன்று பதினொன்றாகவே இருக்கும். லண்டன் உத்தரவும் நிற்கும். சுலபமான கணக்குதான். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். ஹெட் கிளார்க் என்றால் மெஷினைத் தொடக்கூடாது என்று எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. மாமனாருக்குக் கடுதாசி வேறு போய்விட்டது. அந்தக் கௌரவத்துக்காக ஒரு மனுஷர் வீட்டுக் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

துரை என் சீட்டைக் கிழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டுப் பூட்டினார்.

"மெயிலில் ஒரு பொட்டுக் கறை விழட்டும், இதை அன்றைக்கே வெளியே எடுப்பேன். தலைப்பாகையைத் தேடிப் போட்டுக்கொள்."

கன்னத்து ஈரம்

அந்த வியாழக்கிழமை ஹெட் கிளார்க் நாற்காலி முன்னால் டைப்ரைட்டரைப் போட்டுக்கொண்டு நான் தட்டினேன். நிதாய் பாபு கடிதங்களைப் பிரித்துக் கொடுத்தார், என்னைக் கேட்காமலே. யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரோ ஒரு வெற்றிலையை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்கியதில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டு மறுபடி பயந்தேன்.

கடைசிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே பிரஸ்ஸண்டை போனேன். ஹரிபத பாபு காகிதத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாமல் ஈரம் தெரிகிறதா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவர் சக்கரத்தைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மெதுவாகப் பதில் சொன்னார்.

"ஈரத்துக்குக் கண்ணாடி வேண்டாம், ரொங்கநாத் பாபு. என் பேரை வாசிக்கவும் எனக்குக் கண்ணாடி வேண்டாம்."

ஆளை மேய்க்கிற வித்தையில் நான் தேறியது இவ்வளவுதான்: இன்னொருத்தர் பேர் எழுதிய சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடுங்கியதைவிட, என் பேர் எழுதிய சீட்டைத் துரையின் இழுப்பறையில் விட்டுவிட்டு நடுங்குவது கொஞ்சம் தேவலை.